கஞ்சியில் கலந்தது

"கஞ்சியில என்ன கலந்த?"

அபிதா டம்ளரைத் தொடாமலே கேட்டாள்.

"என்னத்தக் கலக்கப் போறேன்? அரிசியும் சீரகமும்தான். குடி ஆத்தா" என்றாள் அம்மா மலையம்மாள்.

"நேத்தும் இப்படித்தான் சொன்ன. மொதல்ல நீ குடி."

மலையம்மாள் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். அது தொண்டையில் இறங்குகிறதா என்று அபிதா உற்றுப் பார்த்தாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் ஆகும்."

மலையம்மாள் அடுப்படிக்குப் போனாள். அங்கே நின்ற கணவர் பாண்டியராஜன் குரலைத் தாழ்த்தினார்.

"கண்டுபிடிச்சிட்டாளா?"

"சந்தேகப்படுறா."

"கொஞ்சங்கொஞ்சமாக் கலக்கச் சொன்னேன்ல?"

திரும்பினால் நிலைப்படியில் அபிதா.

"அப்பாவும் கூட்டா?"

மலையம்மாள் ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

"முந்திரிப்பருப்பு, ஆத்தா. நாலு நாளா அரைச்சுக் கலக்குறேன்."

விஷத்தைக் கண்டதுபோல அபிதா பின்வாங்கினாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். சுவரைப் பிடித்த கையின் மணிக்கட்டோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையுடையது போலிருந்தது. ஆனாலும் கண்ணாடியில் தான் குண்டாகத்தான் தெரிவதாகச் சொல்வாள். இது நோய், இப்படியே போனால் இருதயம் தாங்காது என்று தேனியில் பார்த்த டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

"ஒளிச்சுக் கலந்தது தப்புத்தான்" என்றாள் மலையம்மாள். "இனிமே ஒன் கண்ணு முன்னாலதான் போடுவேன். எத்தனை போடணும்னு நீயே சொல்லு."

அபிதா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு முந்திரியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள்.

"அரை. நான் இங்கனயே நின்னு பாப்பேன்."