இடது பக்கத்துக் குரல்

பீங்கான் பட்டறையிலிருந்து நேராக வந்த அன்னமேரி, நேற்று வாங்கிய ஹெட்போனை ஜங்ஷன் ரோட்டுக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைக்கிறாள். அவள் நகங்களில் வெள்ளை மண் காய்ந்திருக்கிறது. "எடது காதுல ஒண்ணுமே கேக்கலீங்க." கடைக்காரர் பழமலை நிமிராமலே, "இன்னொரு காதுல கேக்குதுல்ல, அப்புறம் என்னாம்மா?" என்கிறார். அவளுக்கு எரிச்சல் பொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் பாட வேண்டியது, முதன்மை மெட்டுக்குத் துணையாகத் தாழ்ந்து ஒலிக்கும் இரண்டாம் குரல். பாடகர் குழு கொடுத்த சிடியில் அந்தக் குரல் இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. "அந்தக் காதுலதாங்க என் பாட்டே இருக்குது!"

பழமலை வேறொரு புது ஹெட்போனைப் பிரித்துக் கொடுக்கிறார். அவள் பையிலிருந்து தன் சிடி பிளேயரை எடுத்து, அதில் செருகிக் கேட்கிறாள். அதிலும் இடது பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப ஒன் பிளேயருதாம்மா கோளாறு" என்று, தன் கழுத்தில் கிடக்கும் டேப் சுற்றிய பழைய ஹெட்போனைக் கழற்றி நீட்டுகிறார். அவள் கோபத்தோடு வாங்கி மாட்டுகிறாள். வெளியே ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்கிறது. இடது காதில் தாழ்ந்த பெண்குரல் ஒன்று தெளிவாக எழுகிறது. அவள் புதுசு இரண்டையும் அவர் பக்கம் தள்ளுகிறாள். "எனக்கு இதையே குடுத்துடுங்க."

"அது என்னோடதும்மா!"

அவள் காதில் அது விழவில்லை. கண்ணை மூடி, இரண்டாம் குரலைப் பாடத் தொடங்குகிறாள்.