செயலாளரின் கருணை

தாம்பரம் முல்லை கால்பந்து அணி ஐந்து ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றிருந்தது. இன்னும் ஒன்றில் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும்.

"பிரிட்டோவைத் திரும்பச் சேர்த்துக்கலாம் சார்," என்று கெஞ்சினான் அணித்தலைவன் பிரசன்னா.

"குடிச்சுட்டு ரெஃப்ரியை அடிச்ச பொறுக்கியையா? வாசல்ல நாய் மாதிரி காத்துக் கிடக்கான் பாரு!" என்று சீறினார் செயலாளர் தோத்தாத்ரி.

ஆயினும் தோல்வியச்சம் அவரது ஒழுக்கநெறியைத் தளர்த்திற்று. பிரிட்டோவை உள்ளே அழைத்தார்.

"போனாப் போறது, மன்னிச்சுட்டேன். இனிமே குடிக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுச் சேர்ந்துக்கோ."

பிரிட்டோ பணிவு குன்றாமல் சொன்னான்:

"குடியை வுட்டு ஆறு மாசம் ஆவுது சார். வேற டீமுக்குப் போறேன், அதுக்கு ரிலீஸ் லெட்டர்ல உங்க கையெழுத்து வாங்கத்தான் வந்தேன். குடிக்கக் கத்துக்குடுத்தவங்க பக்கமே போவாதன்னு டாக்டர் சொல்லிகீறாரு. கப் ஜெயிச்ச அன்னிக்கு மொத கிளாஸ் ஊத்திக் குடுத்ததே நீங்கதான சார்?"