ஓயாத கால்கள்

நாலாயிரத்து முந்நூறு ரூபாய் பாக்கி. போதை மாத்திரை விற்ற ஜெபா அதைக் கேட்டு வந்தபோது, வாங்கித் தின்ற தவசியை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

கால்மாட்டில் தகப்பன் செவத்தையன், பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணிக்கிழிசலோடு உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து ஒரு நிமிசம் ஓயாமல் ஆடிய கால்கள் அவை. சின்ன வயதிலேயே டாக்டர், "இது சேட்டை இல்லைங்க. கவனம் நிலைக்காத நோய். மாத்திரை இருக்கு" என்றார். "பச்சப்புள்ளைக்கு எதுக்குங்க மாத்திரை?" என்று செவத்தையன் மகனைத் தூக்கி வந்துவிட்டார். வளர்ந்தபிறகு தவசி தானே ஒரு மாத்திரையைக் கண்டுபிடித்தான். "இதப் போட்டாத்தாம்ப்பா கொஞ்சம் அடங்குது."

"பாக்கிய விட்டுட்டேன் மாமா" என்றான் ஜெபா.

"சரிப்பா. இப்படி வந்து ரெண்டு காலயும் சேத்துப் பிடி" என்றார் செவத்தையன். "கட்ட விடமாட்டேங்கான். ஆட்டிக்கிட்டே இருக்கான்."