வானத்தில் ஒன்று, கதவில் ஒன்று

“ரெண்டு துண்டைக் காணோம்! யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது!”

நான் போட்ட சத்தத்தில், வரவேற்பில் உட்காரும் பெண் குரோஷா ஊசியைக் கீழே போட்டுவிட்டாள்.

பின்னே என்ன? ஆயிரம் துண்டுகளை அடுக்கிப் படமாக்கும் ஜிக்சா. ஏரிக்கரையில் ஒரு செங்கல் வீடு, மேலே வண்டி வண்டியாக வானம். ஒரு மாதமாக, மதியச் சாப்பாட்டு வேளையில் கூடிக் கூடி அடுக்கியது. இன்று முடித்துவிடலாம் என்று வந்தால் வானத்தில் ஒரு ஓட்டை, வீட்டுக் கதவில் ஒரு ஓட்டை. நேற்று ரெண்டு துண்டும் மேஜையில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி எங்களுடையது. புகார் போனை எடுப்பது என் வேலை. காலை முழுக்க, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் திட்டு வாங்க வேண்டும். அதனால்தான் வீட்டில் சும்மா கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு அறை மேஜையில் கொட்டினேன்.

அந்த அறையே மாறிப்போனது. ஒருத்தி குரோஷா பின்ன ஆரம்பித்தாள். மெக்கானிக் ஒருவர் காது உடைந்த கோப்பையில் புதினா நட்டு ஜன்னலில் வைத்தார். ஃபிளாஸ்க் டீ கைமாறியது.

எல்லாவற்றையும்விட, ஃபைல் ரூம் அக்கா வந்தார். கணவர் தவறியதிலிருந்து ஃபைல்களுக்கு நடுவே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் நின்றபடியே வானத்தில் ஒரு துண்டைப் பொருத்தினார். மறுநாள் டப்பாவோடு வந்துவிட்டார். அத்தனை நீலமும் எங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், அக்காவுக்கு மட்டும் எது எங்கே என்று கை தானாகப் போகும். போன வாரம் வாய்விட்டுச் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

“நேத்து கடைசியா எழுந்தது யாரு?” என்றேன்.

“அக்காவும் சீட்டு சாரும்” என்றாள் குரோஷாக்காரி.

அக்கா எடுப்பாரா? சேச்சே! அப்படியானால் சீட்டு சார்தான்.

அவர் எங்கள் ஸ்டோர்கீப்பர். “சீட்டு எங்கே?” என்று கேட்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். முதல் நாளே, “என்ன இது, சின்னப்பிள்ளைத்தனமா!” என்றவர். மூன்றாம் நாள், “சும்மா பார்த்துட்டுப் போறேன்” என்று வந்தார். நாலாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, செங்கல்லும் கதவும் என் பொறுப்பு என்று உட்கார்ந்துவிட்டார்.

நேராக ஸ்டோருக்குப் போனேன்.

“ஒரு பல்பு வேணும் சார்.”

“சீட்டு எங்கே?”

நீட்டினேன். அவர் உள்ளே திரும்பியதும் மேஜைமேல் இருந்த தட்டை நோட்டம் விட்டேன். ஸ்க்ரூ, வாஷர் என்று எழுதி ஒட்டிய குட்டிக் குட்டி உறைகள். கடைசி உறையில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து: ‘வானம் – 1. திருப்பித் தர வேண்டியது.’

திருடினாலும் சீட்டு ஒட்டித் திருடுகிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்!

“சார், இது என்ன?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“மெதுவாப் பேசும்மா...”

“எதுக்கு மெதுவா? ஒரு மாசமா உயிரைக் கொடுத்து அடுக்கினது சார்! உங்க வயசுக்கு இது நல்லாவா இருக்கு?”

“நல்லா இல்லைதான்” என்றார். “இன்னிக்குப் படம் முடிஞ்சிடுது. நாளைக்கு அந்த அம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாங்க?”

கையில் எடுத்த உறையை மறுபடி தட்டிலேயே வைத்தேன்.

“திரும்ப அந்த ஃபைல் ரூமுக்குத்தானே போவாங்க? இப்பத்தான் மனுஷங்ககிட்ட நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்காங்க. ரெண்டாயிரம் துண்டுல புதுசு ஒண்ணு சொல்லிவெச்சிருக்கேன், திங்கக்கிழமை வந்துடும். அன்னிக்கு இது ஃபிரிட்ஜுக்கு அடியில கிடைச்சதா சொல்லிடலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கம்மா.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அந்தக் கதவுத் துண்டையும் பத்திரமா வெச்சிருங்க சார்” என்றேன், குரல் இறங்கி.

“கதவா? அது என் பொறுப்பாச்சே, நான் ஏன் எடுக்கறேன்? சத்தியமா ஒண்ணுதாம்மா எடுத்தேன்.”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. சொன்னாலும் அதை எழுதி ஒட்டியிருப்பார்.

சாயங்காலம் பழைய புகார் ஃபைல் ஒன்று கேட்டு அக்காவிடம் போனேன்.

“இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன்” என்று அக்கா கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். கண்ணாடியோடு சேர்ந்து என்னவோ மேஜையில் விழுந்தது.

பாதிக் கதவும், கைப்பிடியும்.

அக்கா சட்டென்று அதன்மேல் கையை வைத்து மூடினார். முகம் சிவந்துவிட்டது.

“அக்கா, நீங்களா?”

“தப்புதான்டி. திட்டணும்னா திட்டிக்கோ, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே.”

“யார்கிட்ட?”

“ஸ்டோர்காரர்கிட்டதான். இத்தனை வருஷமா அந்த மனுஷன் ஸ்டோர்ல தனியா நின்னுக்கிட்டேதானே சாப்பிட்டார்? இந்த ஒரு மாசமாத்தான் நம்மளோட உட்கார்ந்து சாப்பிடறார். படம் முடிஞ்சா திரும்ப அங்கேயே போயிடுவாரே, பாவம்!”