சிவப்பு வண்டிக்காரர்

சாப்பாட்டு மேசையில் கைபேசி மினுங்கியது. அவள் இடக்கையால் எடுத்துப் படித்தாள். பிறகு தட்டைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"யாரும்மா?" எதிர் நாற்காலியிலிருந்து மாமியார் கேட்டாள்.

"ம். வேலை விஷயம்."

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மாமியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, தன் கைபேசியில் வழக்கமான சொல் விளையாட்டுக்குத் திரும்பினாள்.

அவள் கணவனுக்கு வெளியூரில் வேலை. இரண்டு பெண்கள் மட்டும் இருந்த அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சண்டை எதுவும் கிடையாது. எப்போதோ பேச்சு குறைந்தது. யார் முதலில் தொடங்குவது என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

வேலை விஷயம் என்றது பொய்யில்லை. கார் ஷோரூமின் இணையதளத்தில் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவள் வேலை. முன்பெல்லாம் குடும்பத்தோடு நேரில் வருவார்கள், கதவை நாலு தடவை சாத்திப் பார்ப்பார்கள். இப்போது வீட்டிலிருந்தே இருபது வீடியோ பார்த்துவிட்டு, இரண்டு கேள்வி தட்டிவிட்டு, போன் நம்பர் கேட்டதும் காணாமல் போகிறார்கள்.

"இந்த மாசம் உங்க மூலமா ஒருத்தர்கூட ஷோரூம் படி ஏறலயேம்மா," என்றிருந்தார் மேனேஜர். "சனிக்கிழமைக்குள்ள ஒருத்தராவது வரணும். இல்லன்னா பதில் போடுற வேலையை மிஷின்கிட்டயே விட்டுடுவாங்க. அது லீவு கேக்காது, தலைவலிங்காது."

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, 'சிவப்பு வண்டி' என்ற பெயரில் எழுதுகிற ஒருவர். சொந்தப் பெயர் தரவில்லை, நம்பரும் தரவில்லை. அவர் வாங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது என்று கம்ப்யூட்டர் மதிப்பெண் போட்டிருந்தது. "உன் ஆளு இன்னிக்கு வந்தாச்சா?" என்று பக்கத்து சீட்டுக்காரி தினமும் சீண்டுவாள்.

ஆனால் அவர் கேள்விகள் அவளுக்குப் பிடித்திருந்தன. 'பேட்டரி வண்டிக்குச் சத்தமே இல்லையாமே, அடியில் படுத்திருக்கும் பூனைக்கு வண்டி கிளம்புவது எப்படித் தெரியும்?' என்று ஒரு நாள் கேட்டார். அவள் பத்து வரி எழுதினாள். அதில் ஐந்து வரி, சின்ன வயதில் அவள் வளர்த்த ஒற்றைக் காது பூனையைப் பற்றியது. கணவனிடம்கூடச் சொல்லாத கதை. முகம் தெரியாத ஒருவரிடம் இவ்வளவு வார்த்தைகள் எங்கிருந்து வருகின்றன என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. 'மீதிக் கதையை நேரில் வந்தால் சொல்கிறேன்' என்று முடித்திருந்தாள்.

கைபேசி மறுபடி மினுங்கியது. 'சனிக்கிழமை வந்தால் நீங்கள் இருப்பீர்களா?'

'கட்டாயம் இருப்பேன். பதினோரு மணிக்கு வாருங்கள். ஒரு நிமிடம், முகவரி அனுப்புகிறேன்' என்று ஒற்றைக் கையால் தட்டினாள்.

'சாப்பிட்டு முடித்தே அனுப்புங்கள். அவசரமில்லை.'

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள் மாமியார்.

"ம்."

சனிக்கிழமை பத்தரைக்கே சிவப்புக் காரைத் துடைத்து வாசல் பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டாள். மேனேஜர் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சரியாகப் பதினோரு மணிக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது.

தினமும் காலையில் நடக்கப் போகிற அதே ஷூவோடு மாமியார் உள்ளே வந்தாள்.

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன அத்தை, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"ம்ஹூம்."

"அப்ப கொஞ்சம் அந்தப் பக்கமா உக்காருங்க அத்தை. முக்கியமான கஸ்டமர் ஒருத்தர் வர்ற நேரம். அவர் வரலன்னா என் வேலையே போயிடும்."

மாமியார் உட்காரவில்லை. கைப்பையைத் திறந்து, மடங்காத புத்தம் புது டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள். பிறகு நேரே போய்ச் சிவப்புக் காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறி உக்காரு. அந்த ஒத்தக் காது பூனை கதையில மீதியை, 'ம்'னு முடிக்காம சொல்லு."