ஹன்னாவின் பூர்விகம்

தாய்வழி மூதாதை பிறந்த மண்தான் ஒருவருடைய நாடு என்று அமெரிக்காவில் சட்டம் வந்தபோது, கலியமூர்த்தி தனக்காகத்தான் பயந்தான். ஆரம்பக் காலத்தில் தாமாக வந்து குடியேறியவர்களின் வம்சத்துக்கு விலக்கு உண்டு; மனைவி ஹன்னாவுக்கு என்ன கவலை? பாய்மரக் கப்பல் காலத்திலேயே வர்ஜீனியாவில் கரையிறங்கிய மேரியின் வம்சம் அவள்.

வாசலில் நின்ற அதிகாரி ரத்தப் பரிசோதனை முடிவையும் பழைய கப்பல் பதிவேட்டையும் காட்டிச் சொன்னார். "அந்த மேரியை நாகப்பட்டினத்துல பிடிச்சு அடிமையாக் கப்பலேத்தியிருக்காங்க. ஹன்னா, நீங்க இப்பவே அங்க கிளம்பணும்."

"ஐயோ, அது என் ஊருங்க!" கலியமூர்த்தி பதறினான். "நானும் கூடப் போறேன்."

"உங்க வேலை ஒப்பந்தம் முடியல. அதுவரைக்கும் நீங்க இங்கேதான் இருக்கணும்."

வேன் கதவு திறந்தது. ஒஹாயோவைத் தாண்டியறியாத ஹன்னா அவன் சட்டையை இறுகப் பிடித்தாள்.

"தண்ணி வேணும்னு அங்க எப்படிக் கேக்கணும்? சீக்கிரம் சொல்லு."