கயிறில்லாத விரிப்பு

அந்தக் கடைவீதியில் நடைபாதையில் கடை போடுகிறவர்கள் விரிப்பின் நான்கு முனைகளிலும் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். போலீஸ் ஜீப் தெரிந்தால் ஒரே இழுப்புதான். கடை மூட்டையாகி முதுகில் ஏறிவிடும். எஸ்.ஐ. தமயந்தி வந்த பிறகு யாரும் ஓடவில்லை. ஜனங்கள் நடக்க வழியில்லாவிட்டால் அவரே குனிந்து, சரக்கு சிதறாமல் விரிப்பின் ஓரத்தை மடித்துவிட்டுப் போவார். வளையல் விற்கும் பாத்திமுத்து தன் கயிற்றை உருவிக்கொண்டுபோய் வீட்டில் துணி காயப்போடக் கட்டிவிட்டாள்.

தமயந்தி மாற்றலாகிப் போன மறுநாள் அதே ஜீப் வந்து நின்றது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இறங்கிய புது எஸ்.ஐ. வளையல் அடுக்கின் மேல் லத்தியை வைத்தார்.

"ஜீப்பைப் பாத்தா எந்திரிக்க மாட்டியா?"

பாத்திமுத்துவின் கை தானாக விரிப்பின் முனைக்குப் போனது. வெறும் ஓட்டைதான் விரலில் பட்டது.

"கோவிச்சுக்காதீங்க சார்," என்றாள். "பயந்து ரொம்ப நாளாச்சு. மறந்துபோச்சு."

அவர் லத்தியை அழுத்தவுமில்லை, எடுக்கவுமில்லை. தலையை நிமிர்த்தி வீதியின் கடைசிவரை பார்த்தார். ஒரு விரிப்பிலும் கயிறு இல்லை.